வரதட்சணை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விசுவாசியின் கடமை முடிந்துவிடுமா?

பனையடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். விளவங்கோடு தாலுகாவில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன் நான். எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது; பெண் வீட்டார் கல்குளம் பக்கம். பெண் பார்க்கப் போவதற்கு முன்பே ரொக்கமோ நிலமோ காரோ கேட்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வாலிபர் கூட்டத்தில் பல வருடங்களாக வரதட்சணைக்கு எதிராகப் பேசிவிட்டு, தன் முறை வரும்போது பெற்றோரின் பின்னால் ஒளிந்துகொள்கிறவனின் சாட்சியை யார் மதிப்பார்கள்?

அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது நூறு பவுனும் அதற்குமேல் ரொக்கமும் கொடுத்தோம். அதற்காக ரப்பர்த் தோட்டத்தின்மேல் வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. கொடுக்கும்போது கொடுத்தவர்கள் வாங்கும்போது வாங்கினால்தானே குடும்பம் நிலைக்கும் என்கிறார். அவர் பேராசைக்காரர் அல்லர். தசமபாகம் தவறாமல் கொடுக்கிறவர், சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுப்பில்) கணக்குப் பார்த்தவர். அதனால்தான் அவரோடு வாதாடுவது கடினமாக இருக்கிறது.

இதற்கிடையில் பெண்ணின் தகப்பனார் என்னை அழைத்து, "நீங்கள் கேட்கவில்லை என்பது சந்தோஷம், மக்களே. ஆனால் என் பிள்ளைக்கு நான் போடுவதை நீங்கள் எப்படித் தடுப்பீர்கள்? வெறுங்கழுத்தோடு அனுப்பினால் எங்கள் சபையில் என்ன பேசுவார்கள்?" என்றார். ரொக்கத்தை மறுத்ததோடு நான் நிற்கலாமா, நகையையும் மறுக்க வேண்டுமா? சட்டத்துக்கு அஞ்சி இதைக் கேட்கவில்லை; விசுவாசத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வெளியே கொண்டுவருவது எப்படி என்பதுதான் என் கேள்வி.

மூத்த சபையார்

தம்பி, உங்கள் மனதைப் பாராட்டுகிறேன். நான் பாளையங்கோட்டைக்காரன், நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். கேட்டு வாங்குவது பாவம், அதில் சந்தேகம் இல்லை. மனமுவந்து கொடுப்பதை மறுப்பது வேறு காரியம். ஈசாக்குக்குப் பெண் கொள்ளப் போன ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொன் காதணியும் கடகங்களும் கொடுத்ததை ஆதியாகமம் 24இல் வாசிக்கிறோம். பொன்னை வேதம் அருவருக்கவில்லை. மகளுக்கு நாலு நகை போட்டு அனுப்புவது ஒரு தகப்பனின் மனநிறைவு. அதை மறுத்து அந்த மனிதரைத் தலைகுனிய வைத்துவிட்டு, நான் கொள்கையில் நின்றேன் என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கக்கூடும். உங்கள் தகப்பனாருடைய கடனையும் எண்ணிப் பாருங்கள்; அவரைக் கனம்பண்ணுவதும் கட்டளைதான்.

ஒரு மருமகள்

ஐயா, ரெபெக்காளின் காதணியை எடுத்துக்காட்டியதற்கு நன்றி. ஆனால் அங்கே நகை மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகிறது. நம் ஊரில் ஓடுவதற்கு நேர் எதிர்த் திசை அது.

பனையடி தம்பிக்கு என் பதில் இது. நகை வரலாமா கூடாதா என்பதைவிட, வந்த நகை யாருடைய பீரோவில் இருக்கும், அதை அடகு வைக்க யார் முடிவெடுப்பார் என்று கேளுங்கள். எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை, கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த சில மாதங்களில் கொழுந்தனின் வேலைக்காக என் நகை அடகுக்குப் போனது, "குடும்பத்துக்குத்தானே" என்றார்கள், மறுத்திருந்தால் நான்தான் ஆவிக்குரிய முதிர்ச்சி இல்லாதவள் ஆகியிருப்பேன். மாலை குடும்ப ஜெபத்தில் அந்த வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னபோது, நகையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாகர்கோவில் வக்கீல்

இரண்டு பக்கத்தாரும் நகையோடு நின்றுவிட்டதால், நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழி வந்த ஆட்சியின்கீழ் இருந்தது. அங்கே கிறிஸ்தவர்களுக்கென்று 1916இல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மகளுக்கு; அதுவும் அவளுக்குச் சீதனம் கொடுக்கப்பட்டிருந்தாலோ, கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலோ கிடையாது. வாக்குச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இருந்தாலும் பங்கு போய்விடும் என்பதைக் கவனியுங்கள். சிரியன் கிறிஸ்தவர் நடுவில் சீதனத் தொகையில் ஒரு பங்கைப் பெண்ணின் சபைக்குச் செலுத்தும் வழக்கமும் இருந்ததால், கோயில் பெட்டிக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு பிடிமானம் இருந்தது.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். அந்தச் சட்டப்படி, உயில் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒன்று போக மீதி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும்; மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. கேரளத்தில் சபைத் தலைவர்கள் சிலர் இந்தத் தீர்ப்பை வரவேற்கவில்லை என்பது பலருக்கும் நினைவிருக்கும். மகளுக்குப் பங்கு போகாதபடி உயில் எழுதிவைக்கலாம் என்ற ஆலோசனை அப்போது தாராளமாகப் புழங்கியது. கிறிஸ்தவர் தம் சொத்து முழுவதையும் விருப்பப்படி உயில் எழுதலாம் என்று சட்டம் இடம் கொடுப்பதால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

இன்று என் மேசைக்கு வரும் வழி இன்னும் எளிது. தகப்பனார் இருக்கும்போதே சொத்தை மகன் பெயருக்கு மாற்றிச் செட்டில்மென்ட் பத்திரம் எழுதுவார்கள். அவர் இறந்துவிட்டால் சகோதரிகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துவந்து பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். "எனக்குச் சேர வேண்டியதை ஏற்கெனவே பெற்றுக்கொண்டேன்" என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்படும் என்பதைப் பத்திரத்தில் எழுத மாட்டார்கள். இப்படி வருகிறவர்களில் வரதட்சணையே வாங்காமல் மணமுடித்த, பிரசங்கம்கூடச் செய்யக்கூடிய சகோதரர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பனையடி, உங்களிடம் ஒரு கேள்வி. பெண் வீட்டிலிருந்து வருவதை மறுத்துவிட்டீர்கள். உங்கள் அக்காவுக்கு அந்த ரப்பர்த் தோட்டத்தில் பங்கு உண்டா?

கிருபையே போதும்

சகோதரர்களே, இழை எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. விசுவாச வாழ்க்கையைப் பற்றிக் கேட்ட ஒரு வாலிபனுக்குச் சொத்து வழக்கைக் கற்றுக்கொடுக்கிறீர்கள். இரட்சிப்பு கிருபையினால் வருகிறது. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்து ஆண்டவர் ஏற்றுக்கொள்வதில்லை. இவை ஊர் வழக்கங்கள். ஊர் வழக்கத்தைத் திருத்தப் புறப்பட்டால் வேதம் வாசிக்க நேரம் இருக்காது. ஜெபித்து, பெற்றோருக்குக் கீழ்ப்படிந்து, சமாதானமாகத் திருமணம் செய்துகொள்ளுங்கள்.

லேஸ் நூல்

கிருபையே போதும் அவர்களுக்கு: நீங்கள் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் வேதம் வாசிக்கும் நேரத்தையும் பத்திரத்தையும் இப்படிப் பிரிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. மாற்கு 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்கிவிட்டால் கடமை தீர்ந்தது என்று சொன்னவர்களை இயேசு கண்டித்தார். அவர்களும் பக்தியுள்ளவர்கள்தான், சட்டப்படி நடந்தவர்கள்தான். வீட்டுக்குள் ஒருவருக்குச் சேர வேண்டிய பொருளை வழக்கத்தைக் காட்டி நிறுத்திவைப்பது தேவனுடைய கற்பனையை அவமாக்கும் என்று அவர் சொன்ன இடம் அது. கீழ்ப்படிதலைப் பற்றிய அந்தப் பேச்சு முழுவதும் பொருளைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது.

எண்ணாகமம் 27இல் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் மோசேக்கு முன்பாகவும் சபையனைத்துக்கும் முன்பாகவும் வந்து நிற்கிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெயர்களையும் வேதம் எழுதிவைத்திருக்கிறது. எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததால் எங்களுக்குக் காணியாட்சி இல்லையா என்று கேட்கிறார்கள். மோசே தன் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோகிறார், அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது. யோபு தன் குமாரத்திகளுக்கு அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் என்று புத்தகத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது. நான் ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன். யோபுவின் பொறுமையைப் பற்றி எத்தனையோ பாடங்கள் உண்டு, இந்த வசனத்துக்கு ஒரு பாடம் இருந்ததாக நினைவில்லை.

நம் மாவட்டத்துச் சபையின் தொடக்கத்தையும் பாருங்கள். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பெண்கள் 1820களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அடிமைக் குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். இவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. பிறகு மார்பை மூடும் மேலாடையான தோள்சீலைக்காகப் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் அடிபட்டார்கள்; 1859 ஜூலையில் அரசு அறிவிப்பு வரும்வரை அது ஓயவில்லை. மேலே என்ன உடுத்துவது என்பது அன்றைக்கு ஊர் வழக்கம்தான். ஊர் வழக்கம், நமக்கு இரட்சிப்பு போதும் என்று அந்தப் பாட்டிமார் சும்மா இருந்திருந்தால், இன்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சரித்திரம் நமக்கு இருந்திருக்காது. அவர்களுடைய பேத்திகளுக்குப் பவுன் கணக்கில் விலை பேசுவதும், நிலத்தில் பங்கில்லை என்று கையெழுத்து வாங்குவதும் அதே சபைகளில்தான் நடக்கின்றன.

மூத்த சபையார்

அம்மா, செலோப்பியாத்தின் குமாரத்திகளைப் பற்றிச் சொன்னீர்கள். எண்ணாகமம் 36ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடாதபடி அவர்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்று அங்கே நிபந்தனை வருகிறது. குடும்பச் சொத்து சிதறாமல் இருக்க வேண்டும் என்ற கவலை வேதத்திலும் உண்டு.

இன்னொன்று. வக்கீல் ஐயா கேட்ட கேள்வியில் ஒரு நியாயம் விடுபடுகிறது. பனையடியின் அக்காவுக்கு நூறு பவுன் போட்டிருக்கிறார்கள், ரொக்கமும் கொடுத்திருக்கிறார்கள். கடன்பட்டது தோட்டத்தின்மேல். பவுன் விற்கிற விலைக்கு நூறு பவுன் சிறு தொகையா? அவளுக்கு அவளுடைய பங்கு போய்ச் சேர்ந்துவிட்டது என்று தகப்பன் நினைப்பதில் என்ன தவறு? அதற்குமேல் நிலத்திலும் பங்கு என்றால், கடனை அடைக்கப்போகும் மகனுக்கு அது அநியாயம் இல்லையா?

நாகர்கோவில் வக்கீல்

ஐயாவின் கேள்வி நேர்மையான கேள்வி. இதைப் பூசி மெழுகக் கூடாது. நகை உண்மையிலேயே அக்காவின் கையில், அக்காவின் பெயரில், அவர் நினைத்தபடி விற்கவோ வைத்திருக்கவோ கூடியதாக இருந்தால், அதை அவருடைய பங்கில் கழித்துக்கொள்வதில் அநியாயம் இல்லை. குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். ஆனால் ரொக்கம் மாப்பிள்ளையின் தகப்பனார் கைக்குப் போயிருந்தால் அதை அக்கா பெற்றுக்கொண்டதாக எப்படி எழுதுவது? அவர் பெறாத பணத்துக்கு அவர் ரசீது கொடுக்கிறார் என்றுதான் ஆகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். பெண்ணைத் தவிர வேறு யார் அதைப் பெற்றிருந்தாலும், திருமணத்துக்கு முன் பெற்றிருந்தால் திருமண நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். 1985இல் பிரதிபா ராணி வழக்கில், பெண்ணின் சீதனப் பொருள் கணவன் வீட்டில் இருந்தாலும் அவளுடைய தனிச் சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு மருமகள் எழுதிய அடகுக் கதைக்கு இது நேராகப் பொருந்தும். ஆனால் அவர் நீதிமன்றத்துக்குப் போக மாட்டார் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

யாழ் வடலி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துச் சபையில் வளர்ந்தவள். உங்கள் பேச்சை வாசித்தபோது எங்கள் வீட்டுப் பேச்சையே கேட்பது போல இருந்தது.

எங்களுக்குத் தேசவழமை என்ற வழக்கச் சட்டம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தது. வடக்கின் தமிழர் என்றால் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் அது ஒன்றேதான். சீதனம் பெண்ணின் சொந்த ஆதனம் (சொத்து); காணியும் வீடும் அவள் பெயரிலேயே உறுதி (பத்திரம்) எழுதிக் கொடுக்கப்படும். பெற்றவள் பிறகு பெற்றோரின் முதுசத்தில் (பரம்பரைச் சொத்தில்) பங்கு கேட்க முடியாது என்பது பழைய விதி. 1911இல் வந்த கட்டளைச் சட்டம் வாரிசு முறைகள் சிலவற்றை மாற்றியது. காணி பெண்ணின் பெயரில் இருப்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். போருக்குப் பிறகு கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்குத் தலைக்குமேல் கூரை இருந்ததற்கு அந்தச் சீதன உறுதி ஒரு காரணம்.

ஆனால் அதற்குமேல் 'டொனேசன்' என்று ஒன்று வந்து சேர்ந்தது. அது மாப்பிள்ளையின் பெற்றோருக்குப் போகும் காசு. பெரும்பாலும் அவர்கள் அதைத் தங்கள் பெண்பிள்ளையின் சீதனத்துக்கு வைத்திருப்பார்கள். பனையடியின் அப்பா கேட்கிற கேள்வி இதே கேள்விதான்: மகளுக்குப் போனது மகன் மூலம் திரும்பி வர வேண்டும். அந்தச் சுற்றை யாராவது ஒரு வீட்டில் நிறுத்த வேண்டும்; நிறுத்துகிற வீட்டுக்கு நட்டம் வரத்தான் செய்யும். அந்த நட்டத்தைத் தாங்குவதைத்தான் இங்கே விசுவாசம் என்று சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்; வேறு எதைச் சொன்னாலும் அது செலவில்லாத பேச்சு.

சபைகளைக் குறை சொல்லும்போது இதையும் நினைவில் வையுங்கள்: உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷன் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியபோது, படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே ஒரு சிறு சீதனம் கொடுத்தது. இல்லாவிட்டால் பெற்றோர் அனுப்பியிருக்க மாட்டார்கள். வழக்கத்தோடு ஒத்துப்போய்த்தான் பெண் கல்வி உள்ளே நுழைந்தது. அதைச் சரி என்று சொல்லவோ பிழை என்று சொல்லவோ எனக்கு இன்னும் மனம் ஒருமிக்கவில்லை.

பனையடி

எழுதிய அனைவருக்கும் நன்றி. வக்கீல் அண்ணனின் கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதமானதற்குக் காரணம், முதலில் அக்காவிடம் பேச வேண்டியிருந்தது.

தோட்டத்தை என் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுத அப்பா ஆவண எழுத்தரிடம் பேசி வைத்திருக்கிறார். அக்காவுக்கு அது தெரியும். "எனக்குத் தந்தாச்சே" என்று சிரித்தபடி சொன்னார். ரொக்கம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டபோது பதில் சொல்லவில்லை. அத்தானிடம் அதைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்டால் அக்காவுக்குத்தான் சிரமம். நகையில் பாதிக்குமேல் அவர் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அப்பாவிடம் இரண்டு காரியங்களைச் சொன்னேன். கடன் இனி என் சம்பளத்திலிருந்து அடையும். அதை அடைக்க என் மனைவியின் நகைமேல் யாரும் கை வைக்க வேண்டாம். தோட்டத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தால் இரண்டு பேர் பெயருக்கும் எழுதுங்கள். அக்காவின் கையில் உண்மையில் இருக்கும் நகையின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைப் பிரிக்கலாம். என் பெயருக்கு மட்டும் எழுதினால் வாங்கிக்கொள்ள மாட்டேன். அவருக்குக் கோபம். "சபையில் எந்த வீட்டில் இப்படிச் செய்திருக்கிறார்கள், ஒரு வீட்டைக் காட்டு" என்றார். காட்ட எனக்குத் தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் தகப்பனார் வீட்டிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பெண்ணின் தகப்பனாரிடம், போடுவதை அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டேன்; கடன் வாங்கிப் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நகையை வைக்கப் பெண்ணின் பெயரில் மட்டும் வங்கி லாக்கர் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பதிலுக்கு அவர், தன் வீட்டை இரண்டு மகள்களுக்கும் ஒரு மகனுக்கும் சமமாக எழுதப்போவதாகச் சொன்னார். என்னைச் சோதிக்கச் சொன்னாரா, முன்பே முடிவு செய்திருந்தாரா என்பது எனக்குப் பிடிபடவில்லை.

மூத்த சபையார்

தம்பி, எல்லாவற்றிலும் உங்களோடு உடன்படுகிறேன் என்று சொல்ல மாட்டேன். தகப்பனைச் சபையார் முன்னிலையில் தர்மசங்கடத்துக்கு உள்ளாக்காமல் இதைச் செய்ய வழி இருந்தால் தேடுங்கள். போதகரைக் கூட்டிப் பேச வேண்டாம். அவருக்கு நெருக்கமான பெரியவர் ஒருவர் போய்ப் பேசட்டும். கடனை நீங்கள் ஏற்றது நல்ல காரியம். அதைச் சொன்ன பிறகு அவர் பேசும் தொனி மாறியதா?

பனையடி

ஐயா, கடனைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் தணிந்தார். பங்கைப் பற்றிச் சொன்னதும் மறுபடியும் மூண்டது. எழுத்தரிடம் போவதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார், அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

ஒரு மருமகள்

லாக்கரின் சாவியும் பெண்ணிடமே இருக்கட்டும், தம்பி. "சும்மா, பத்திரத்துக்கு" என்று அத்தையிடம் கொடுத்து வைப்பதில்தான் எல்லாம் தொடங்கும்.

நாகர்கோவில் வக்கீல்

நகைக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். 1985ஆம் ஆண்டு விதிகளின்படி மணமகளுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கேட்டு வாங்காததாக இருந்தாலும், கொடுப்பவரின் வசதிக்கு மிஞ்சிய பரிசைச் சட்டம் விலக்கில் சேர்க்காது என்பதால், கடன் வாங்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னது சட்டத்துக்கும் பொருந்துகிறது. நகையின் எடையைக் கிராமில் குறியுங்கள்; கடை ரசீதுகளின் நகலை அதோடு இணையுங்கள். தோட்டத்துக்கு அவசரப்பட்டு எதையும் எழுத வேண்டாம். எதுவும் எழுதப்படாமலே போனால், சட்டம் உங்களையும் அக்காவையும் ஒன்றாகவே நடத்தும். பிறகு விடுதலைப் பத்திரம் கேட்டு யாராவது வந்தால், அதை வாங்க மறுக்கும் இடத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள்.